உறையாத பால்

ஜூலை 3

ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் ஒரு நாளுக்கு ஒரு வரிதான். பொட்டலம் எடுத்த நேரம், மலம் கழிந்த விதம், சாப்பிட்டவை, தயிர் எத்தனை கிண்ணம். கடைசியில் 'இதர குறிப்புகள்' என்று ஒரு கட்டம், இரண்டு விரல் அகலம். அதில் என்ன எழுதிவிட முடியும்? ஆகவே இந்த நோட்டு.

சென்ற ஜனவரியில் என் பெருங்குடலிலிருந்து இரண்டு பாலிப் எடுத்தார்கள். குடலின் உட்சுவரில் மரு மாதிரி முளைப்பது. ஒன்று சாதாரணம். மற்றது விட்டுவைத்திருந்தால் சில ஆண்டுகளில் புற்றாக மாறக்கூடிய வகை. என் தம்பி சிதம்பரம் அந்த நோயில்தான் போனான், ஐம்பத்தெட்டு வயதில். எனக்கு எழுபத்திரண்டு. மறுபடி முளைக்குமா என்பதுதான் அன்றிலிருந்து என் ஒரே கேள்வி.

டாக்டர் ஷமீமா ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார். பொறுமையாகச் சொன்னார்: "குடலுக்குள்ள கோடிக்கணக்கான கிருமி இருக்கு சார். எல்லாமே கெட்டது இல்ல. நாம சாப்பிடுற நாரை நல்ல கிருமி புளிக்க வச்சு ஒரு அமிலம் உண்டாக்குது. குடல் சுவருக்கு அதுதான் சாப்பாடு. நல்லது குறைஞ்சு கெட்டது பெருகினா சுவர் புண்ணாகும், பாலிப் முளைக்க அது தோதாப் போகலாம். நல்ல கிருமியை வெளியிலேருந்து கொடுத்தா முளைக்கிறது குறையுமான்னு பார்க்கிறோம். குறையலாம்னுதான் சொல்றேன். குறையும்னு சொல்லல."

பாதிப் பேருக்குக் கிருமித் தூள், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட எண் மட்டும்தான். என் எண் 61. ஆறு மாதம் தினம் ஒரு பொட்டலம், ஜனவரியில் ஸ்கோப், அதாவது குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது. வீட்டுத் தயிர் ஒரு கிண்ணத்துக்கு மேல் கூடாது. நீராகாரம் கூடாது, கடையில் விற்கும் கிருமி மாத்திரைகள் கூடவே கூடாது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன் நான். இந்த முறையை எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியிருக்கிறேன். கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

என் மனைவி வடிவு பொட்டலங்களை ஃபிரிட்ஜில் அடுக்கினாள். "எனக்கும் ஒரு பொட்டலம் தர மாட்டாவளா? எனக்கும் வயிறு ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

பாலிப் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் என்றேன். சேர்ப்பு விதிகள் ஏழையும் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது விதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 4

8.10. பொட்டலம் 1. எந்த ருசியும் இல்லை.

ஜூலை 19

பதினாறு நாள். ஒரு மாற்றமும் தெரியவில்லை. பதினாறு நாளில் என்ன தெரியும், தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காலையில் தூளைக் கலக்கும்போதெல்லாம் இது மாவுதான் என்று தோன்றுகிறது. குடித்து முடித்ததும் கிருமியாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. இப்படி ஒரு நாளைக்கு இரண்டு கட்சி மாறுகிறேன்.

எபனேசரிடம் நடைப்பயிற்சியின்போது சொன்னேன். இயற்பியல் துறையில் என்னோடு வேலை பார்த்தவர். பாளையங்கோட்டை முழுவதும் கேட்கிற மாதிரி பேசுவார்.

"மாவா கிருமியான்னு தெரியாம ஆறு மாசம் குடிக்கப் போறீராக்கும். நான் பொண்ணு பாக்கப் போனப்பகூட இம்புட்டு மறைக்கல வே."

"தெரியாமல் இருப்பதுதான் முறை."

"என்ன முறை? பால்ல ஒரு பொட்டலத்தைப் போடும். உறைஞ்சா கிருமி, உறையலைன்னா மாவு. இதுக்கு எம்.எஸ்சி. படிக்கணுமா?"

அப்படியெல்லாம் செய்யக் கூடாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அது எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 6

செய்துவிட்டேன்.

எழுதக் கை கூசுகிறது. மூடி வைத்ததைத் திறந்து பார்க்கிறவன் முடிவைக் கெடுக்கிறான் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். ஆனால் செய்வதானால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பாலைக் காய்ச்சி நாற்பது டிகிரிக்கு ஆறவிட்டேன், தெர்மாமீட்டர் வைத்து. இரண்டு தம்ளர். முதலாவதில் ஒரு ஸ்பூன் வீட்டுத் தயிர். இரண்டாவதில் பொட்டலம். பெட்டியில் கூடுதலாக வைத்திருந்த பொட்டலம்தான். என் அன்றாட அளவு குறையவில்லை. சமையலறை மேடையில் மூடி வைத்தேன்.

"என்ன செய்யுதிய?" என்றாள் வடிவு.

ஒன்றுமில்லை என்றேன். நாற்பத்தாறு வருடமாக ஒரு தம்ளர் காப்பிகூடப் போட்டறியாதவன் அடுப்படியில் தெர்மாமீட்டரோடு நின்றுகொண்டு ஒன்றுமில்லை என்றால் யார் நம்புவார்கள்?

ஆகஸ்ட் 7

இரண்டும் உறைந்திருக்கின்றன. இரண்டாவது இன்னும் கெட்டியாக.

தம்ளரைச் சாய்த்துப் பார்த்தேன். அசையவில்லை. நான் கிருமிப் பக்கம்.

ஆகஸ்ட் 21

இரண்டு வாரமாக நன்றாகத் தூங்குகிறேன். வயிறு லேசாக இருக்கிறது. மனம் செய்கிற வேலை என்று தெரிகிறது. தெரிந்தாலும் லேசாகத்தான் இருக்கிறது.

காய்கறிக் கடைக்கு இப்போது நானே போகிறேன். வடிவுக்கு மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்குகிறதாம். இந்த வெயிலில் யாருக்குத்தான் வாங்காது? சுரைக்காய், கொத்தவரை, வாழைத்தண்டு. நார் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 2

கோயிலுக்குப் போய் வந்தோம். வடிவு பாதியிலேயே ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கால் மணி நேரம். அதனால் பொட்டலம் 35 நிமிடம் தாமதம். 8.45.

செப்டம்பர் 10

ஒரே ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவுக்கு வந்திருக்கிறேன். என் மாணவன் இப்படிச் செய்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். மறுபடியும் செய்ய வேண்டும். அடுப்படியில் அல்ல, யாருடைய கையும் படாத இடத்தில். புத்தக அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது.

செப்டம்பர் 13

மூன்று நாள், மூன்று முறை. தயிர் ஊற்றிய தம்ளர் மூன்று முறையும் உறைந்தது. பொட்டலம் போட்டது மூன்று முறையும் பாலாகவே இருந்தது. கடைசித் தம்ளர் நாற்றமெடுத்துவிட்டது. அகராதிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

அப்படியானால் ஆகஸ்டில் உறைந்தது எப்படி?

செப்டம்பர் 14

கேட்டேன். வடிவு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான்தான் ஒறை ஊத்தினேன்."

"எதற்கு?"

"ராத்திரி திறந்து பாத்தேன். ஒண்ணு உறைஞ்சிருந்துது, ஒண்ணு உறையல. காலைல பாத்தா உங்க முகம் தொங்கிப் போயிரும்னு ஒரு ஸ்பூன் போட்டு வச்சேன்."

"அது என்னவென்று உனக்குத் தெரியுமா?"

"எபனேசர் அண்ணாச்சிதான் தெருவுல வச்சே சொன்னாவளே. பால் உறைஞ்சா நல்லதாம்லா."

கத்தினேன். அவள் நாசமாக்கியது ஒரு தம்ளர் பாலை அல்ல, ஒரு சோதனையை என்றேன். ஐந்து வாரம் பொய்யான நிம்மதியில் இருந்திருக்கிறேன் என்றேன்.

"அஞ்சு வாரம் நல்லாத் தூங்குனியள்லா" என்றாள்.



செப்டம்பர் 15

பேசவில்லை.

செப்டம்பர் 16

பேசவில்லை. சாப்பாடு மேசையில் இருந்தது. அவள் படுத்திருந்தாள்.

அக்டோபர் 1

நான் மாவுப் பக்கம் என்பது தெளிவாகிவிட்டது. இன்னும் மூன்று மாதம் மாவைக் குடித்துக்கொண்டு, உள்ளே முளைப்பது முளைக்கட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியுமா? சிதம்பரத்துக்கு இரண்டு வருடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று முதல் காலையில் நீராகாரம். மதியம் இரண்டு கிண்ணம் தயிர், இரவு ஒன்று. மருந்துக் கடையில் கிருமி மாத்திரையும் வாங்கினேன். கடைக்காரர் "யாருக்கு சார்?" என்று கேட்டார். மனைவிக்கு என்றேன்.

படிவத்தில்: தயிர், ஒரு கிண்ணம்.

அக்டோபர் 20, தீபாவளி

வயிறு உப்புசம். இத்தனை தயிருக்கு வேறென்ன வரும்?

வடிவுக்குப் புது ஜாக்கெட் தொளதொளவென்று இருக்கிறது. தையற்காரர் போன வருட அளவிலேயே தைத்திருக்கிறார். அவளே பழைய ஜாக்கெட்டைத்தான் கொடுத்தாளாம். இரண்டு ஊக்கு குத்திக்கொண்டாள். தையற்காரரைக் குறை சொன்னேன். "அவரு என்ன செய்வாரு" என்றாள்.

நவம்பர் 8

வடிவைத் தெருமுனை டாக்டர் பார்த்தார். ரத்தம் குறைவாம். இரும்புச் சத்து மாத்திரை, ஒரு மாதத்துக்கு. முருங்கைக்கீரை. "வயசாச்சுல்லா" என்றாராம்.

ஐந்து வாரமாகப் படிவத்தை வெறும் பொய்யால் நிரப்புகிறேன். சேர்ந்து பார்க்கையில் என் வரிகள் மிக ஒழுங்காக இருக்கின்றன. அதுவே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். உண்மையான எண்கள் இத்தனை ஒழுங்காக இருப்பதில்லை.

நவம்பர் 27

மழை. வெளியே போகவில்லை. பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். தேடியது கிடைத்தது. பதினோரு வருடத்துக்கு முந்தையது, என் கையெழுத்து: 'சிதம்பரம் போன் செய்தான். வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறதாம். மூலமாக இருக்கும், மோர் நிறையக் குடி என்றேன். மின் கட்டணம் கட்டினேன்.'

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

டிசம்பர் 15

வடிவு மத்தியானம் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள். வலதுபக்க வயிறு கனமாக இருக்கிறதாம். வாயு என்கிறாள். எனக்கும் அதுதான். இருவரும் ஆளுக்கொரு பெருங்காய மோர் குடித்தோம்.

மாத்திரை தீர்ந்துவிட்டது (என்னுடையது). வாங்க வேண்டும்.

ஜனவரி 8

நாளை ஸ்கோப். குடலைக் கழுவும் மருந்து இரண்டு லிட்டர். கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் பதினெட்டு முறை. வடிவு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், நான் மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்க. ஒவ்வொரு முறையும் "ஆச்சா?" என்றாள்.

நாளை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 61ஆம் எண் பொய் என்று. என்னால் ஒரு நல்ல ஆராய்ச்சி கெடக் கூடாது. சொல்வேனா? மூன்று முறை ஒத்திகை பார்த்தேன். மூன்று முறையும் 'மன்னிக்க வேண்டும்' என்பதோடு நின்றுவிட்டது.

ஜனவரி 10

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஒரு சிறு பாலிப் இருந்தது. மூன்று மில்லிமீட்டர். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மூன்று வருடம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர் ஷமீமா. மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு அவர் அறையில் உட்கார வைத்தார்கள். படிவங்களை மேசையில் வைத்தேன்.

"டாக்டர், மன்னிக்க வேண்டும். இது..."

"உறை ஊத்திப் பார்த்தீங்களா?"

தலையசைத்தேன்.

"உங்களுக்கு முன்னால பதினோரு பேர் சார். ஒருத்தர் தோசை மாவுலகூடப் போட்டுப் பார்த்திருக்கார். நம்ம ஊர்ல பொட்டலத்தைக் கொடுத்துட்டு, பாலில் போடாம இருங்கன்னா நடக்குமா? இந்தக் கிருமி திறந்து வச்ச பாலில் வளராது. காத்துப் பட்டாலே சுருண்டுக்கும். தயிர்க் கிருமி வேற, இது வேற. கிருமிப் பொட்டலமும் உறையாது, மாவும் உறையாது."

மூன்று மாதம். நீராகாரம், மாத்திரை, மூன்று கிண்ணத் தயிர், உப்புசம், பொய். எல்லாம் எதையும் அளக்க முடியாத ஓர் அளவுகோலை நம்பி. அளவுகோலை முதலில் சோதி என்பது முதலாண்டு, முதல் பாடம். அதை நான் நடத்தாத வருடம் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். என்னை நீக்கிவிடுங்கள் என்றேன்.

"நீக்க மாட்டோம். குலுக்கல்ல எந்தப் பக்கம் விழுந்தீங்களோ அந்தப் பக்கமே எண்ணுவோம். நாளைக்கு இதைக் குடிக்கப் போறவங்களும் உங்களை மாதிரித்தானே இருப்பாங்க? ஆனா எந்த நாள் என்ன சாப்பிட்டீங்கன்னு எனக்கு உண்மை வேணும்."

இந்த நோட்டைக் கொடுத்தேன்.

அவர் படித்தார். முதலில் சிரித்துக்கொண்டே, அகராதிக்குப் பக்கத்தில் நாறிய தம்ளரைப் படித்தபோது சத்தமாகவே சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. முன்பக்கத்துக்குத் திரும்பிப் போனார். பென்சிலை எடுத்துச் சில வரிகளுக்கு அடியில் கோடு போட்டார்.

"சார், படியில உட்கார்ந்தது யாரு?"

"என் மனைவி."

"இரும்பு மாத்திரை?"

"அவளுக்குத்தான்."

"ஜாக்கெட் தொளதொளன்னு... வலதுபக்கம் கனமா... எல்லாம் ஒருத்தங்களேதானா?"

"ஆமாம்."

"வயசு?"

"அறுபத்தேழு."

"இந்த வயசுல காரணம் தெரியாம ரத்தம் குறைஞ்சா குடலைப் பார்க்காம விடக் கூடாது சார். எங்க இருக்காங்க?"

வெளியே பெஞ்சில் இருந்தாள். மயக்க மருந்து கொடுத்தவனைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போக ஓர் ஆள் வர வேண்டும் என்பது விதி. அதற்காக வந்திருந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் என்னைப் பார்த்து, "நான் மொதல்லயே ஒரு பொட்டலம் கேட்டேன்லா" என்றாள். குத்திக் காட்டவில்லை. சும்மாதான் சொன்னாள்.

பென்சில் கோடுகள் ஏழு. எண்ணிவிட்டேன். கோடு விழுந்த ஏழு வரிகளும் நான் எழுதியவை.

ஜனவரி 12

வடிவுக்கு ஹீமோகுளோபின் 7.4. பன்னிரண்டு இருக்க வேண்டும்.

ஜனவரி 21

ஸ்கோப். நேற்று வடிவு குடலைக் கழுவும் மருந்து குடித்தபோது நான் கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "ஆச்சா?" என்று கேட்டதற்கு "எண்ணிக்கிட்டு இருக்காதிய" என்றாள் உள்ளிருந்து.

பெருங்குடலின் வலதுபக்கத்தில் கட்டி. நெல்லிக்காய் அளவு. பார்த்ததுமே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்ததும் எனக்கும்.

மயக்கம் தெளிந்து வடிவு முதலில் கேட்டது: "உங்களுக்கு அந்த ரிசல்ட்டு வந்துட்டா?"

வந்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 24

இரவு உணவுக்குப் பிறகு அவளே பேச்செடுத்தாள். மார்ச் மாதத்திலிருந்தே ஒரு மாதிரியாக இருந்ததாம்.

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டு இருந்திய."

பிப்ரவரி 4

அறுவை. ஐந்து மணி நேரம். எபனேசர் கூட இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

பிப்ரவரி 7

டாக்டர் அனுமதித்தால் திங்கட்கிழமை முதல் நீர்மோர் கொடுக்கலாமாம். வீட்டுத் தயிராக இருந்தால் நல்லது என்றார் நர்ஸ்.

நேற்று ஊற்றிய உறை உறையவில்லை. இன்றும் உறையவில்லை. நாற்பது டிகிரி, எட்டு மணி நேரம், ஒரு ஸ்பூன். அதே தெர்மாமீட்டர், அதே தம்ளர். தை மாதக் குளிரா, பாலா, என் கையா, தெரியவில்லை. தம்ளரை மேடையில் ஓங்கி வைத்ததில் பால் சிந்தித் துடைக்க வேண்டியதாயிற்று.

அவளிடம் சொன்னேன். படுத்துக்கொண்டே சொன்னாள்: "தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடுங்க. விரலை விட்டுப் பாருங்க. சுடுதா சுடலையான்னு சொல்லத் தெரியாம ஒரு சூடு இருக்கும். அப்ப ஊத்துங்க. ஊத்திட்டுத் துணியச் சுத்தி வையிங்க. மணிக்கொரு தரம் திறந்து பாக்காதிய."

எப்படித் தெரியும் அவளுக்கு, நான் மணிக்கொரு தரம் திறந்து பார்த்தது?

பிப்ரவரி 9

பரிசோதனை முடிவு. நிணநீர்க் கணுக்கள் பதினாறு எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் புற்று பரவவில்லை. குடல் சுவரோடு நின்றிருக்கிறது. "இன்னும் ஆறு மாசம் போயிருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் டாக்டர். எனக்கு நன்றி சொன்னார், எழுதி வைத்ததற்கு. அந்த நன்றியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீர்மோர் கொண்டுபோயிருந்தேன்.

"ஒறை யாரு ஊத்தினா?"

"நான்தான்."

ஒரு வாய் குடித்தாள். "புளிச்சுப் போச்சு" என்றாள். முக்கால் தம்ளர் குடித்தாள்.

ஆராய்ச்சி முடிந்ததும் நான் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள விருப்பமா என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். வேண்டாம் என்று குறி போடப் போனேன்.

"வேணும்னு போடுங்க" என்றாள். "கிருமியா மாவான்னு எனக்கும் தெரியணும்லா. நானும் ஒரு ஸ்பூன் போட்டிருக்கேன்."

போட்டேன்.

வீட்டுக்கு வந்து நாளைக்கு வேண்டிய பாலைக் காய்ச்சி இறக்கினேன். விரலை விட்டுப் பார்த்தேன். இன்னும் சுடுகிறது.